தோற்றால் இல்லை என்றால், ஜெயித்தால் உண்டா?

சண்டை போடக்கூட ஆளில்லாமல் என்னை விட்டுப் போன என் அன்பு மதினிக்கு,

கமலா எழுதுகிறேன். நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. உங்கள் படத்தைப் போட்டு நாலு வரி எழுதி நம் தமிழ்ச் சங்கத்து மலரில் கொடுக்கலாம் என்று அண்ணன் சொன்னான். நாலு வரியில் அடங்குகிற ஆளா நீங்கள்? கடிதமாகவே எழுதித் தருகிறேன் என்று சொல்லி அந்த வேலையை நான் வாங்கிக்கொண்டேன். இங்கே நம் ஆட்களில் பாதிப் பேருக்குத் தமிழ் பேசத்தான் தெரியும், படிக்க வராது. அதனால் நம் வீட்டு ரகசியம் பாதிதான் வெளியே போகும், கவலைப்படாதீர்கள்.

ஒரு நல்ல செய்தி இருக்கிறது. அதை உடனே சொல்ல வாய் துடிக்கிறது. ஆனால் எதையும் முதலிலிருந்து சொல்லச் சொல்லி உயிரை எடுக்கிறவர் நீங்கள். அதனால் முதலிலிருந்தே வருகிறேன்.

தென்காசியிலிருந்து கல்யாணமாகி நீங்கள் மட்டாஞ்சேரிக்கு வந்தபோது உங்களுக்குப் பத்தொன்பது, எனக்குப் பதினேழு. வருகிற மதினி என்ன பாடு படுத்துவாளோ என்று நான் பயந்துகொண்டிருந்தேன். வீட்டில் இருக்கிற நாத்தனார் என்ன பாடு படுத்துவாளோ என்று நீங்கள் பயந்துகொண்டிருந்தீர்கள். மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்த எனக்கு நீங்கள் தமிழ் எழுத்தைக் காட்டித் தந்தீர்கள், சந்தைக்குப் போய் மீன் பேரம் பேசுகிற அளவுக்கு நான் உங்களுக்கு மலையாளம் பழக்கிவிட்டேன். அந்த மும்முரத்தில் சண்டைக்கு நேரமே கிடைக்கவில்லை. சண்டையெல்லாம் பிறகு வந்தது. அதுவும் லாஜிக்கால் வந்தது.

உங்கள் மகள் செல்விக்கு ஒன்றரை வயது ஆனபோது, பி.ஏ.வுக்கு முந்தின படிப்பான பிரீடிகிரியை இருவரும் பிரைவேட்டாக எழுதினால் என்ன என்று நீங்கள்தான் கிளப்பிவிட்டீர்கள். ஆய்வுக்கூடம் இல்லாமல் எழுதக்கூடிய பாடங்கள் நாலைந்துதான், அதில் லாஜிக்கும் ஒன்று. பஜார் ரோட்டில் சுக்குக் கிடங்குக்கு மேல்மாடியில், பிரைவேட்டாக எழுதுகிறவர்களுக்குப் பாடம் நடத்துகிற ஒரு பாரலல் காலேஜ் இருந்தது. வீட்டிலிருந்து இரண்டு தெரு என்பதால் அப்பாவும் ஒன்றும் சொல்லவில்லை. சார் ஒரு வாக்கியம் சொல்வார், கீழேயிருந்து சுக்குத் தூசி ஏறி வரும், வகுப்பு முழுவதும் தும்மும், சார் மறுபடி முதலிலிருந்து சொல்வார். இங்கிலீஷ் புத்தகம், மலையாளப் பாடம், வீட்டுக்கு வந்து தமிழில் வாய்ச்சண்டை. நாம் படித்த விதம் அப்படி.

அப்பாவுக்குப் பாடத்தின் பெயர் தெரிந்ததும் ஒரே சிரிப்பு. தர்க்கமா, அது இந்த வீட்டுப் பெண்களுக்குப் பிறவியிலேயே உண்டே, அதையும் ஒரு சார் வைத்துப் படிக்க வேண்டுமா என்று கேட்டார்.

முதல் பாடம் கூற்று. மெய் அல்லது பொய் என்று சொல்ல முடிகிற வாக்கியம்தான் கூற்று. ‘மழை பெய்கிறது’ என்பது கூற்று, ‘குடையை எடு’ என்பது கூற்று இல்லை. அன்று வீட்டுக்கு வந்ததிலிருந்து நீங்கள் அண்ணனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ராத்திரிச் சாப்பாடு வரை அவன் பேசியதில் ஒன்றுகூடக் கூற்று இல்லை, எல்லாம் ‘சட்டை எங்கே’, ‘சோறு போடு’ என்று இருந்ததைக் கண்டுபிடித்து அவனிடமே சொன்னீர்கள். தோப்பும்படி ஐஸ் பிளாண்டில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்த மனுஷன், ஒன்றும் புரியாமல் இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டான்.

பிறகு குறிகள் வந்தன. ஒரு கூற்றுக்கு பி என்று பெயர், இன்னொன்றுக்கு கியூ. பி-க்கு முன்னால் நெளிந்த கோடு போட்டால் மறுப்பு, அதாவது ‘பி இல்லை’. அதற்கு நீங்கள் வைத்த பெயர் புழு. நடுவில் புள்ளி வைத்தால் ‘பி-யும் கியூ-வும்’, இரண்டும் மெய்யாக இருந்தால்தான் மொத்தமும் மெய். அது பொட்டு. ‘வி’ மாதிரி ஒன்று போட்டால் ‘பி அல்லது கியூ’, ஒன்று மெய்யானாலே போதும், இரண்டும் மெய்யானாலும் குற்றமில்லை. சாயா வேண்டுமா காப்பி வேண்டுமா என்று நான் கேட்டால், லாஜிக்படி இரண்டையும் கொண்டு வா என்பீர்கள். குதிரை லாடம் போல ஒரு குறி வந்தால் ‘பி என்றால் கியூ’. அந்த லாடம்தான் நம்மைப் பிடித்து உதைத்தது.

‘மழை பெய்தால் குடை தருவேன்’ என்று ஒருவர் சொல்கிறார். மழை பெய்து குடை தந்தால் அவர் சொன்னது மெய். மழை பெய்தும் தராவிட்டால் பொய். மழையே பெய்யாவிட்டால்? அவர் தந்தாலும் மெய்தான், தராவிட்டாலும் மெய்தான் என்றது புத்தகம். செல்விக்கென்று வாங்கிய சிலேட்டில் நாலு வரிசை போட்டு மெய் அட்டவணை எழுதிக் காட்டினீர்கள். இது என்ன அநியாயம், குடை தராதவன் எப்படி மெய் சொன்னவன் ஆவான் என்று நான் குதித்தேன். மழை பெய்யாத நாளைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை, பிறகு எப்படிப் பொய் சொன்னவர் ஆவார் என்று நீங்கள் பதிலுக்குக் குதித்தீர்கள். நான் ஒத்துக்கொள்ள இரண்டு நாள் ஆனது. அதற்குள் செல்வி அட்டவணையை நக்கி அழித்துவிட்டாள்.

இங்கே அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மிளகும் சுக்கும் கைமாறுகிற பஜாரில் அப்பா தரகர். அங்கே எழுத்து கிடையாது, வாய்ச்சொல்தான். விற்கிறவர் தன் நிபந்தனைகளை ஒவ்வொன்றாகச் சொல்வார். தரகர் கேட்டுக்கொண்டே வந்து, இன்னும் உண்டா என்பார். ‘தீர்ந்நு’ என்று பதில் வந்தால் முடிந்தது, உள்ளங்கை மேல் உள்ளங்கை விழும். அதற்குப் பிறகு ஒரு நிபந்தனையைக் கூடச் சேர்க்கவோ எடுக்கவோ முடியாது. அப்படிச் சேர்த்த ஆளோடு உட்கார்ந்து அந்தத் தெருவில் யாரும் சாயா குடிக்க மாட்டார்கள். அப்பா அந்தத் தெருவில் முப்பது வருஷம் சாயா குடித்தவர்.

பரீட்சைக்கு முன்னால் ஒரு நாள் அவர் உங்களிடம் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது.

“தோத்தா அதோட நின்னுக்கணும். போட்ல ஏறி எறணாகுளம் காலேஜுக்குப் போற பேச்சே எடுக்கக் கூடாது, கேட்டியா.”

அதைக் கேட்டு நமக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே. ஜெயித்தால் போகலாம் என்று அப்பா சொல்லிவிட்டார் என்று அடுக்களையில் இருவரும் கிசுகிசுத்தோம். உங்களுக்கு பி.ஏ. படிக்க எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியும். எனக்கோ அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் படிக்க ஆசையா என்று யாரும் கேட்கவில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. நீங்கள் போனால் போதும் என்றுதான் இருந்தேன்.

ஜெயித்தோம். காலேஜ் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு அப்பா முன்னால் போய் நின்றோம். அவர் அதைப் பார்த்துவிட்டு அமைதியாகக் கேட்டார்.

“தோத்தா என்னன்னுதானே நான் சொன்னேன். ஜெயிச்சா என்னன்னு எப்ப சொன்னேன்?”

நீங்கள் என்ன செய்தீர்கள்? சிரித்தீர்கள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்துவிட்டு, மாமா சொல்றது சரியாக்கும் என்றீர்கள். அந்தப் பரீட்சையிலேயே இதே கேள்வி வந்திருந்தது. மழை பெய்தால் தரை நனையும், மழை பெய்யவில்லை, ஆகவே தரை நனையவில்லை, இந்த முடிவு சரியா? சரியில்லை, யாராவது தரையைக் கழுவியிருக்கலாம் என்று இருவரும் டாணென்று எழுதிவிட்டு வந்திருந்தோம். நம் சொந்த விஷயம் என்று வந்ததும் ஆசை கண்ணை மறைத்துவிட்டது. லாஜிக்கில் நல்ல மார்க் வாங்கிய இரண்டு பேர், லாஜிக்கின் முதல் தப்பைச் செய்துவிட்டு நின்றோம்.

உங்கள் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. விட்டுக்கொடுத்துவிட்டீர்கள் என்று நினைத்து மறுநாள் சாயங்காலம் வரை உங்களோடு பேசவில்லை. நீங்களும் சமாதானத்துக்கு வராமல் எதையோ யோசித்துக்கொண்டே மாவாட்டினீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா காப்பியோடு உட்கார்ந்திருந்தபோது சிலேட்டை எடுத்துக்கொண்டு நீங்கள் கதவோரம் வந்து நின்றீர்கள். நான் உங்களுக்குப் பின்னால் நின்றேன்.

“மாமா, போகலாம்னு நீங்க சொல்ல வேண்டாம். எப்பல்லாம் போகக் கூடாதுன்னு மட்டும் சொல்லுங்க. எழுதிக்கிடுதேன்.”

அப்பாவுக்கு அது பிடித்திருந்தது. நிபந்தனை சொல்லச் சொன்னால் எந்தத் தரகருக்குத்தான் பிடிக்காது? அடுக்களை வேலை முடியாமல் போகக் கூடாது என்றார். எழுதினீர்கள். செல்வியைப் பார்க்க வீட்டில் ஆள் இல்லாமல் போகக் கூடாது என்றார். எழுதினீர்கள். விளக்கு வைத்த பிறகு வீடு திரும்புகிற மாதிரி இருந்தால் போகக் கூடாது. அதையும் எழுதினீர்கள். கடைசியில், இதோடு கதை முடிந்தது என்கிற முகத்தோடு, தனியாகப் போகக் கூடாது என்றார். யார் கூட வந்தால் சரி என்று நீங்கள் கேட்டீர்கள். வீட்டு ஆள்தான் வர வேண்டும், வேறு யார் இருக்கிறார்கள், கமலாதான் என்றார். ஓணத்துக்குள் எனக்குக் கல்யாணம் ஆகிவிடும் என்பது அவர் கணக்கு. என் பெயரைக் கேட்டதும் உங்கள் தோளுக்கு மேலாகச் சிலேட்டை எட்டிப் பார்த்தேன்.

எனக்கு இதில் நம்பிக்கையே இல்லை. ‘இது இல்லாவிட்டால் போகக் கூடாது’ என்று ஆயிரம் எழுதினாலும், அதிலிருந்து ‘போகலாம்’ என்று ஒன்று பிறக்காதே. அதைத்தானே அந்த வாரம் முழுக்கப் பட்டுப் பட்டுத் தெரிந்துகொண்டோம். மதினி மறுபடியும் அதே குழியில் விழுகிறார்கள் என்று உங்கள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். நீங்கள் திரும்பவே இல்லை.

“இன்னும் உண்டா மாமா?”

“தீர்ந்நு” என்றார் அப்பா.

முப்பது வருஷப் பழக்கம் அவரைக் கேட்காமலே வந்துவிட்டது. வலது கையும் தானாக முன்னால் நீண்டுவிட்டது. மாமனார் கையில் மருமகள் கை வைக்க முடியுமா? நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்து என் உள்ளங்கையை அவர் உள்ளங்கை மேல் வைத்துவிட்டீர்கள்.

தடை இவ்வளவுதான், வேறு எதுவும் இல்லை என்று சொன்ன பிறகு, அந்த நாலும் சரியாக இருந்தால் தடுக்க என்ன இருக்கிறது? ‘இருந்தால் மட்டுமே’ என்பது ‘இருந்தால், இருந்தால் மட்டுமே’ என்று ஆகிவிட்டது. புத்தகத்தில் அதற்கு மூன்று கோடு போட்ட ஒரு குறி உண்டு. அப்பா புத்தகம் படிக்காமலே அந்தக் குறியைப் போட்டிருந்தார். சிலேட்டையும் என் கையையும் மாறி மாறிப் பார்த்தார். நீ சுக்கு வியாபாரத்துக்கு வந்திருக்க வேண்டியவள் என்று உங்களிடம் சொல்லிவிட்டு, ஆறிப்போன காப்பியை எடுத்துக் குடித்தார்.

துணைக்கு நானும் பி.ஏ.வில் சேர்ந்தேன், ஓணம் போயும் எனக்கு வரன் அமையவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வருஷம், மட்டாஞ்சேரி படகு ஜெட்டியிலிருந்து காலை போட்டில் நாம் போன போக்கு! நீங்கள் முந்தானையில் உப்பும் மாங்காயும் முடிந்துகொண்டு வருவீர்கள். ஒரு நாள் எதிரே இருந்த மீன்காரச் சேச்சியிடம், எல்லாப் பூனையும் மலையாளம் பேசும், எங்கள் வீட்டில் இருப்பது பூனை, ஆகவே அது மலையாளம் பேசும், இதில் என்ன தப்பு என்று கேட்டீர்கள். அவர் பாவம், நிஜமாகவே யோசித்தார். முதல் வாக்கியம் பொய், ஆனால் அதிலிருந்து முடிவுக்கு வந்த வழி சரி, மெய் வேறு வழி வேறு என்று நீங்கள் விளக்கி முடிப்பதற்குள் போட் எறணாகுளம் சேர்ந்துவிட்டது. இறங்கும்போது அந்தச் சேச்சி உங்கள் தலையைத் தொட்டு, ஒரு நல்ல டாக்டரிடம் காட்டச் சொல்லி என்னிடம் ரகசியமாகச் சொன்னார். இதை உங்களிடம் நான் கடைசி வரை சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

மூன்றாம் வருஷம் தொடங்கும்போது, பகலில் செல்வியைப் பார்த்துக்கொள்கிற அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டாள். செல்வியைப் பார்க்க ஆளில்லை, அம்மாவைப் பார்க்கவும் ஆளில்லை. இரண்டாவது நிபந்தனை உடைந்துவிட்டது. யாரும் சொல்வதற்கு முன்னால் நீங்களே புத்தகங்களைக் கட்டி அலமாரியின் மேல் வைத்துவிட்டீர்கள். அப்படியானால் நானும் நின்றுவிடுகிறேன் என்றேன். அப்பாவும் அதைத்தான் சொன்னார். ஒருத்தி நின்ற பிறகு இன்னொருத்தி எப்படித் தனியாகப் போவாள் என்று கேட்டார். அப்போது நீங்கள் அம்மாவுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தீர்கள். தலையைத் தூக்காமல் சொன்னீர்கள்.

“தனியாப் போகக் கூடாதுன்னது எனக்கு மாமா. கமலாவுக்கு நீங்க ஒண்ணுமே சொல்லல. கை மட்டும்தான் குடுத்தீங்க.”

மறுநாள் காலையில் அப்பா ஜெட்டி வரை என் கூட நடந்து வந்தார்.

மதினி, அன்று என் கையைப் பிடித்து அவர் கை மேல் வைத்தபோதே இதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா? நிபந்தனை எல்லாம் உங்கள் பேரில், சம்மதம் மட்டும் என் பேரில் என்று தெரிந்துதான் செய்தீர்களா? எத்தனையோ தடவை கேட்க வாய் எடுத்திருக்கிறேன். தெரியும் என்று நீங்கள் சொல்லிவிட்டால் தாங்க மாட்டேனே என்று பயந்து கேட்காமலே இருந்துவிட்டேன்.

நான் பி.ஏ. முடித்தேன், எம்.ஏ. முடித்தேன். இப்போது பாரலல் காலேஜில் நான்தான் லாஜிக் டீச்சர். காலேஜ் இப்போது இருக்கிற கட்டிடத்தில் சுக்கு இல்லை, அதனால் பிள்ளைகள் தும்முவதில்லை, தூங்குகிறார்கள். நீங்கள் அடுத்த வருஷம் எழுதுகிறேன், அதற்கடுத்த வருஷம் எழுதுகிறேன் என்று சொல்லியே பத்து வருஷத்தை ஓட்டிவிட்டீர்கள். பிறகு அந்த மஞ்சள்காமாலை வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று நாலு நாள் வீட்டிலேயே வைத்திருந்தோம்.

முதல் நாளே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால் நீங்கள் பிழைத்திருப்பீர்களா? இந்த ஒரு வாக்கியத்தை நான் இரண்டு வருஷமாகச் சுமந்துகொண்டு திரிந்தேன். ஒரு நாள் வகுப்பில் லாடக் குறிக்கு அட்டவணை போட்டுக்கொண்டிருந்தபோது கை நின்றுவிட்டது. நடக்காத ஒன்றை முன்னால் வைத்துவிட்டால், பின்னால் எதை எழுதினாலும் மெய் என்றுதான் விழும். கொண்டுபோயிருந்தால் பிழைத்திருப்பீர்கள், மெய். கொண்டுபோயிருந்தால் அப்போதும் பிழைத்திருக்க மாட்டீர்கள், அதுவும் மெய். அந்த வரிசையில் எனக்குப் பதில் இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. பிள்ளைகள் முன்னாலேயே அழுதுவிட்டேன். டீச்சருக்குச் சளி என்று நினைத்து ஒரு பெண் ஜன்னலைச் சாத்தினாள். அன்றிலிருந்து அந்த வாக்கியத்தை நான் எடுப்பதில்லை.

இப்போது நல்ல செய்தி. செல்விக்குக் களமசேரியில் எலெக்ட்ரானிக்ஸ் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. அதிலும் நம் ‘உம்’, ‘அல்லது’, ‘இல்லை’ எல்லாம் இருக்கிறதாம், கேட் என்று பெயராம், ஒவ்வொன்றும் அரிசி மணியை விடச் சின்னதாம். நம் புழுவும் பொட்டும் கம்பியில் ஏறி மின்சாரத்தில் ஓடுகின்றன மதினி. சிலேட்டை நக்கியது வீண் போகவில்லை.

ஹாஸ்டலில் தங்க வேண்டும் என்றதும் அண்ணன் இழுக்க ஆரம்பித்தான். விடுவதென்றால் விடலாம், ஆனால் சனிக்கிழமைதோறும் வந்துவிட வேண்டும், ஆனால் அந்தப் பக்கம் ஃபாக்டரி ஏரியா, ஆனால் கல்யாணம் கூடி வந்தால், என்று அவன் அடுக்கிக்கொண்டே போனான். அப்பாவுக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். சாய்வு நாற்காலியிலிருந்து கையைத் தூக்கி நிறுத்தினார்.

“அவ போவா. அதுக்கு முன்னாலயும் பின்னாலயும் ஒண்ணும் சேக்க வேண்டாம். அவ அம்மைக்கு நாலு சொல்லி நிறுத்தினேன். அது போதும்.”

சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அப்பா வாயிலிருந்து ‘தோற்றால்’, ‘ஜெயித்தால்’ என்கிற ‘ஆல்’ இல்லாத சம்மதத்தை என் வாழ்நாளில் அன்றுதான் கேட்டேன். அதைக் கேட்க நீங்கள் இல்லையே என்று எனக்குத் துக்கமாக இருந்தது, அதை விடச் சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டும் மெய்தான்.

ஆனால் செல்வி உங்களைப் பற்றி என்னிடம் ஒன்றுமே கேட்பதில்லை. அவளுக்குத் தெரிந்த அம்மா சமைத்தார், துவைத்தார், ஆச்சியைப் பார்த்துக்கொண்டார், அவ்வளவுதான். தாத்தாவைச் சிலேட்டை வைத்து மடக்கிய அம்மா, போட்டில் மாங்காய் தின்றுகொண்டு பூனையை வாதத்துக்கு இழுத்த அம்மா, இரண்டு வருஷம் பி.ஏ. படித்த அம்மா, தன் சம்மதத்தை என் கையில் வைத்துவிட்டுப் போன அம்மா, இவர்களில் யாரையும் அவளுக்குத் தெரியாது. கேட்டால் சொல்லலாம் என்று இரண்டு வருஷமாக நானும் சும்மா இருந்துவிட்டேன். அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. லாஜிக்படி நான் ஒன்றும் பொய்க்கவில்லை, ஆனால் இது எனக்கு அழகா?

அடுத்த திங்கட்கிழமை அவளைக் களமசேரியில் கொண்டு விடப் போவது நான்தான். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் ஆகும். மதினி, இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு. அவள் கேட்டாலும் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன்.

உங்கள் நாத்தனார்,
கமலா